சுயசம்பாத்தியம்

மானகிரியில் மைக்செட் முத்துக்கண்ணனைத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவர் நேற்றுத்தான் ஊருக்கு வந்திருக்கணும். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் கட்டைவிரல் ரெண்டும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும், காலில் விறைப்பு வேறு. அந்தக் கையோடுதான் ஆம்ப்ளிபயரைத் திருகுவான், மூணு சக்கர ஸ்கூட்டரில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஒக்கூர் வரைக்கும் போய்வருவான். வாய் மட்டும் ஒரு நிமிசம் சும்மா இருக்காது.

அந்த வாயும் அடங்குகிற இடம் ஒன்று உண்டு, அம்மா ஒச்சம்மாள். அவனைச் சுமந்தபோது கிரகணத்தன்று களத்தில் காய்ந்த மிளகாயை அள்ள வெளியே போனாளாம். அதனால்தான் பிள்ளை இப்படி என்று ஒரு மகராசி சொல்லிவைத்தாள், அவள் நல்லா இருக்கட்டும். அன்றிலிருந்து ஒச்சம்மாள் எந்த வளைகாப்பிலும் வளையலைத் தொட்டதில்லை. "என் கை ஆகாதுப்பா" என்று அடுப்படிக்குள் புகுந்துகொள்வாள். பெத்த மகளுக்கும் அதேதான் என்று சொல்லிவிட்டாள்.

தங்கை தேவிகா உண்டாகியிருந்தபோது மதுரை டாக்டரம்மா முத்துக்கண்ணனின் ரத்தத்தைச் சோதித்து, எல்1கேம் என்கிற ஜீனில் பிசகு என்றார். வயிற்றுக்குள் மூளை வளரும்போது, நரம்புச் செல்லின் மேல்தோலில் நின்றுகொண்டு பக்கத்துச் செல்லைப் பிடித்து வழிகாட்டுகிற புரதத்தை அந்த ஜீன்தான் உண்டாக்குமாம். "வயரை இழுத்துட்டு கிளிப் அடிக்காம விட்ட மாதிரி" என்று இவன் புரிந்துகொண்டான். ஆனால் இது பெரும்பாலும் தாய்வழி வரும், அம்மாவையும் தங்கையையும் சோதிக்கணும் என்றார். இவனுக்குத் தங்கை பிள்ளையை நினைத்துப் பயம் ஒருபக்கம். மறுபக்கம், கிரகணத்தை விட்டு இறங்கிய பழி 'உன் ரத்தம்தான்' என்று மறுபடி அம்மா தலையிலேயே ஏறினால் அவள் தாங்கமாட்டாள்.

ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். தேவிகாவின் வளைகாப்பன்றுதான் முடிவு சொல்லிப் போன் வந்தது. முத்துக்கண்ணன் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான்.

"அம்மா, தங்கச்சி ரெண்டு பேருக்குமே அந்தப் பிசகு இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. "உங்ககிட்டதான் புதுசா வந்திருக்கு. யாரும் எதுவும் செஞ்சு வந்ததில்லை."

"அப்ப கிரகணம்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

அவ்வளவுதான், பயலுக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடித்தான்.

"சொந்தபந்தமெல்லாம் கேட்டுக்கங்க. என் கைகால் கோளாறு பூர்வீகச் சொத்து இல்லை, என் சுயசம்பாத்தியம். எங்கம்மா தரலை, கிரகணம் தரலை, டாக்டரே சொல்லிட்டாக. தங்கச்சிக்கும் கிடையாது. பங்கு கேட்டு ஒருத்தரும் வரவேணாம்."

பந்தலே சிரித்தது. கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள் ஒச்சம்மாள்.

"மைக்கை அமத்துடா கூறுகெட்டவனே. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்மா. நீ போயி வளையலைப் போடு."

அவள் நகரவில்லை. கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். "நெசமாத்தான் சொன்னாகளா? நான் மொளகா அள்ளப் போனதுனால இல்லையா?"

"இல்லம்மா."

"இன்னொருக்கா சொல்லு."

அவன் மைக்கை அணைத்தான். கரண்டியை வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தான். "இல்லம்மா. உம்மேல ஒண்ணுமே இல்ல."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒச்சம்மாள் கூட்டத்தை விலக்கிப் போய் மகள் முன்னால் உட்கார்ந்தாள். பச்சையும் சிவப்புமாக வளையலை ஏற்ற ஆரம்பித்தாள். கண்ணு பொலபொலவென்று கொட்டுகிறது, வாயெல்லாம் சிரிப்பு.

"போதும்மா, முழங்கை வந்திருச்சு" என்றாள் தேவிகா.

ஒச்சம்மாள் அடுத்த டஜனைப் பிரித்தாள். "அந்தக் கையை இங்குட்டு நீட்டு."