துருப்பிடித்த ஊக்கு

நியூஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பழைய முறைப்படியே வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் சந்தையில், ரொட்டி வாங்க நானும் மகளும் நின்றிருந்தோம். கல்லாவில் வெள்ளைக் குல்லாய் போட்ட பெண். அவர்கள் வழக்கப்படி உடுப்பில் பட்டன் கிடையாது. அதற்குப் பதில் நெஞ்சில் வரிசையாகக் குண்டூசிகள்.

“புவர் திங், அம்மா. பட்டன்கூட அலவ்ட் இல்ல,” என்று மகள் கிசுகிசுத்தாள்.

எனக்கோ அம்மாவின் தாலிக்கொடி கண்ணில் வந்தது. அதில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். அம்மாவைக் கட்டிக்கொண்டால் மஞ்சளும் வியர்வையும் மணக்க, ஊக்கு கன்னத்தில் உறுத்தும்.

எங்கள் கும்பகோணத்து வீட்டில், ஆண்கள் பேசும்போது பெண்கள் கூடத்துக்கு வரக்கூடாது. அடுக்களை வாசலில் கனத்த பச்சைத் திரை தொங்கும். நான் பெரியவளான மாதம் பெரியப்பா வந்து, “இவ படிச்சது போதும்டா, நிறுத்திடு,” என்றார். அப்பா தலையாட்டினார்.

திரைக்குப் பின்னால் நின்ற அம்மா, கொடியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினாள். திரையைச் சுருட்டி மேலே குத்தினாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று, “அவ படிப்பா,” என்றாள்.

“முதல்ல திரையை இறக்கு!” என்று பெரியப்பா கத்தினார்.

“ஊக்கு துருப்பிடிச்சிருக்கு. கழட்ட வரலைங்க.”

நான் கல்லூரி முடிக்கும்வரை அந்த ஊக்கு கழலவே இல்லை.

ரொட்டியை வாங்கிக்கொண்டு மகளிடம் திரும்பினேன்.

“யாருடி பாவம்? எத்தனை ஊசி வச்சிருக்கா, பாரு!”