கிறிஸ்மஸ் அன்னிக்கி ஒளிஞ்சிக்கிட்டோம்!

நேத்து கிறிஸ்மஸ். நானும் என் வைஃப் மாலாவும் எங்க சொந்த வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சிக்கிட்டோம்!

(சிரிக்காதீங்க. காரணம் இருக்கு.)

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு ஓப்பன் ஹவுஸ் வைப்பாங்க, யாரு போனாலும் சாப்பாடு. அவங்க கோழி பெரட்டலுக்கு ஈப்போவுல பாதிப் பேரு அடிமை. அடியேன் உட்பட.

ஆனா இந்தத் தடவ மாலா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்குறா. விரதம். வீடே சைவம். அக்கா தட்ட நீட்டுனா வேணாம்னு சொல்ற தைரியம் எனக்குக் கெடையாது!

இன்னொன்னும் இருக்கு. இந்த வருஷம் எங்களுக்குப் பொறக்க வேண்டிய புள்ள வயித்துலயே தவறிடிச்சி. அதுலேருந்து மாலா யார்கிட்டயும் பேசுறதில்ல. கூட்டத்தப் பாத்தாலே உள்ள போயிடுவா.

சொந்தக்காரங்க வந்தாங்க, ஆளுக்கொரு அட்வைஸ் குடுத்தாங்க, டீ குடிச்சிட்டுப் போனாங்க.

ஸ்டெல்லா அக்கா மட்டும் தெனம் காலைல துணி காயப்போடுறப்ப சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து ஒரே கேள்விதான்.

"மாலா, இன்னிக்கி என்ன கறி?"

"சாம்பாரு." அவ்ளோதான் மாலா பதில்.

"சரிம்மா"ன்னு போயிடுவாங்க. மறுநாளும் கேப்பாங்க. சலிச்சதே இல்ல!

அக்கா சர்ச்சுல பாட்டுப் பாடுறவங்க. ஆனா எங்ககிட்ட ஒரு நாளும் பிரசங்கம் பண்ணுனதில்ல.

சரி, நேத்து கதைக்கு வாரேன்.

செருப்பெல்லாம் உள்ள எடுத்து வச்சாச்சு. கேட்டுக்குப் பூட்டு. டிவிக்கு சத்தம் இல்ல. சூப்பர் பிளான்!

அப்பதான் குக்கர் விசில் அடிச்சிச்சி.

(பருப்ப அடுப்புல வச்ச புத்திசாலி நான்தான்.)

பின்பக்கச் சுவத்துலேருந்து அக்கா குரல்: "தம்பி! ஆளில்லாத வீட்ல குக்கரா விசிலடிக்குது? வாங்கலா ரெண்டு பேரும்!"

அசடு வழிய எட்டிப் பாத்தேன். "அக்கா... மாலா விரதம்..."

"தெரியும்லா. அதான் இன்னிக்கி எங்க வீடும் சைவம். புது குவாலி, சட்டியெல்லாம் வாங்கித்தான் சமைச்சேன். கேக்குலகூட முட்ட போடல."

கிறிஸ்மஸ்ல கோழி இல்ல! எங்களுக்காக! அவங்க தம்பி பாகான் டத்தோவுலேருந்து ஆசையா கொண்டாந்த எறாலையும் அப்படியே அவரு மாமியார் வீட்டுக்கு அனுப்பி விட்டுட்டாங்களாம்.



மாலா போயி முகம் கழுவி, பொட்டு வச்சிக்கிட்டு, ஒளிச்சி வச்ச செருப்ப எடுத்து வெளிய போட்டா.

அவங்க வீட்ல சாப்பிடுறதுக்கு முன்னாடி அக்கா கண்ண மூடி ஜெபம் பண்ணாங்க.

"ஆண்டவரே, மாலா வெயில்ல நடக்கப் போற புள்ள. காலு சுடாம பாத்துக்குங்க. அவ மனசையும் ஆத்துங்க. ஆமென்."

மாலா அக்கா தோள்ல சாஞ்சி அழுதா. ஆஸ்பத்திரியிலகூட அழாதவ! அக்கா அவ முதுகத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

இவங்க கும்புடுற சாமி எப்படிப்பட்டவருன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சிச்சி.

கெளம்புறப்ப அக்கா வீட்டுக்காரர் சேவியர் அண்ணே கேட் வரைக்கும் வந்து, மெதுவா காதுல கேட்டாரு: "தம்பி, தைப்பூசம் எப்ப முடியும்?"

(பாவம் மனுஷன்!)

இன்னிக்கி காலைல அக்கா துணிக் கூடையோட வந்தாங்க. அவங்க வாயத் தொறக்குறதுக்குள்ள எங்க பக்கத்துச் சுவத்துலேருந்து ஒரு தல எட்டிப் பாத்துச்சி.

மாலாதாங்க!

"ஸ்டெல்லாக்கா, இன்னிக்கி என்ன கறி?"