சிவப்புப் பூவுக்கு ஏரி, வெள்ளைப் பூவுக்குப் பனிமலை

டிராவல்ஸ் ஆபீஸ் வைத்திருப்பவன் ஊரையெல்லாம் உலகம் சுற்ற அனுப்பிவிட்டு, தான் மட்டும் வாசலில் நின்று ராஜபாளையம் பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொல்லிக்கொண்டிருப்பான். என்னைப் போலக் கவுண்டருக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து நாற்காலி தேய்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பதினேழு வருஷமாக ஆபீஸ் நடத்துகிறேன். மேஜைக்கு எதிரே ஒரு பழைய காலண்டர். தேதியெல்லாம் கிழித்துத் தீர்ந்து படம் மட்டும் பாக்கி. சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரி, கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் ஒரு பலகைத் துறை, அதில் கட்டிப்போட்ட சிவப்புப் படகு. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் ஃபேன் காற்றுக்குக் காலண்டர் ஆடும், படகும் ஆடும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே கொளுத்துகிற வெயில் யாருக்கோ அடிப்பது போல இருக்கும்.

எந்த வருஷம் போனீய?

முதன்முதலாக ஐரோப்பா போகிறவர்கள் எல்லோருக்கும் கடைசியில் ஒரு நாள் மிஞ்சும். பாரீஸ் கோபுரம், ரோமாபுரி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். அந்த மிச்ச ஒரு நாளைக்கு எங்கே போவது என்பதில்தான் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை முறியும். என்னிடம் வந்தால் ஒரே பதில், அந்த ஏரி. காலையில் தண்ணீர் என்ன நிறம், பலகையில் நடந்தால் என்ன சத்தம் என்பது வரைக்கும் சொல்லுவேன்.

குருவிகுளம் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவர் ஜெர்மனியில் இருக்கிற மகனைப் பார்க்கக் கிளம்பினார். நான் ஏரியை விவரிக்க விவரிக்க வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் எந்த வருஷம் போனீர்கள் என்று கேட்டார். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். மனிதர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்போ நீரும் எங்களமாரி காலண்டரப் பாத்துத்தான் சொல்லுதீரா வே?"

மூன்று ஆசை

போன வருஷம் பதினொரு பேர் கொண்ட குழு ஒன்று சேர்ந்தது. கூட்டிப் போக வேண்டிய வழிகாட்டி இரண்டு மாதம் முன்னால் வேலையை விட்டுவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. நானே போவதென்று முடிவானது. அன்றைக்கு ஆபீஸைப் பூட்டிவிட்டு, மறுபடி திறந்து காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

பயணத் திட்டம் பேச எல்லோரையும் கூப்பிட்டேன். சுவிட்சர்லாந்தில் ஒரு நாள் மிச்சம், வேன் ஒன்றுதான், ஆகவே எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போக முடியும் என்றேன். தாலுகா ஆபீஸில் ரிட்டயர் ஆன பிச்சையா அண்ணாச்சி, அந்த ஒரு நாள் ஹோட்டலிலேயே படுத்துத் தூங்கலாம் என்றார். கடையநல்லூர் சாகுல் பாய் இருபது வருஷம் வளைகுடாவில் இருந்தவர். மணல் இல்லாத எந்த இடமும் தமக்குச் சம்மதம் என்றார். அண்ணாச்சிக்குப் பக்கத்தில் அவர் மனைவி கோமதியக்கா. பிறந்த ஊர் வாசுதேவநல்லூர், வயலில் நின்றால் மலை தெரியும் ஊர். உங்களுக்கு என்னக்கா என்று கேட்டேன். ஏரி என்று சொல்லிவிட மாட்டாரா என்று எனக்குள்ளே ஒரு நப்பாசை.

"பனியத் தொடணும் தம்பி. ஃப்ரிட்ஜுல இருக்கதில்ல, வானத்துலேருந்து விழுந்தது. ஒரு கை அள்ளிப் பாத்தாப் போதும்."

பூக்கட்டிப் பார்த்தோம்

பாரீஸ் முடிந்தது, ரோம் முடிந்தது, சுவிட்சர்லாந்து வந்தாயிற்று. மிச்ச நாளுக்கு முந்தின சாயங்காலம். காலண்டர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஏரியின் பெயரை நான் எழுதி எடுத்து வந்திருந்தேன். விசாரித்தால் வேனில் ஒன்றரை மணி நேரம்தான். பனிமலைக்கும் அதே தூரம், ஆனால் எதிர்த் திசை. குழு ஏரிக்கும் பனிமலைக்குமாகப் பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றது.

பேச்சு முற்றியதும் கோமதியக்கா, நம் ஊர் வழக்கப்படி பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். ஹோட்டல் ஜன்னல் தொட்டிகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. சாப்பாடு பரிமாறும் பெண்ணிடம் சைகையிலேயே கேட்டு நாலு பூ பறித்து வந்தார், ஒன்று உதிர்ந்தாலும் இருக்கட்டும் என்று சிவப்பு இரண்டு, வெள்ளை இரண்டு. வெள்ளை வந்தால் பனிமலை, சிவப்பு வந்தால் ஏரி. பர்ஸிலிருந்து சங்கரநாராயணர் படத்தை எடுத்து வெந்நீர்க் கெட்டிலில் சாய்த்து வைத்தார். நிறத்துக்கு ஒன்றாக இரண்டு பொட்டலம் கட்டும் வேலையை, பொதுவான ஆள் என்று என்னிடம் கொடுத்தார்.

இங்கேதான் நான் கெட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, இரண்டு காகிதத்திலும் சிவப்பையே வைத்து மடித்தேன். பதினேழு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த அந்தப் படகு ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது, இன்னொரு தடவை எனக்கு யார் விசா கொடுப்பார் என்று மனசு அடித்துக்கொண்டது. மிச்சப் பூவை அக்கா கையிலேயே கொடுத்துவிட்டுப் பொட்டலங்களைப் படத்துக்கு முன்னால் வைத்தேன். வழக்கப்படி எடுக்க எங்களில் குழந்தை யாரும் இல்லாததால் பரிமாறும் பெண்ணே ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏரின்னு வந்துட்டு. வேனுக்குச் சொல்லிருங்க தம்பி."

ஏரி இல்லை

காலையில் வேன் போய் நின்றது. இறங்கினோம். ஏரி இல்லை. கரை இருந்தது, கரையில் ஒரு பெஞ்சு இருந்தது, அதற்கப்பால் உலகமே முடிந்துவிட்ட மாதிரி வெறும் மூடுபனி. எங்கேயோ தண்ணீர் பலகையில் மெதுவாகத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பலகைச் சத்தம் நான் ஆபீஸில் சொன்னபடியேதான் இருந்தது என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். சாமி பூவில் திருட்டு வேலை பார்த்தவனுக்குச் சாமி காட்டுகிற காட்சி இதுதான் என்று எனக்குப் பட்டது. எனக்கு வந்த பங்கை டிரைவரிடம் நீட்டினேன். பிச்சையா அண்ணாச்சி சால்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"இதுக்கு நம்ம ஊர்லயே கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கலாமே வே."

பன்னிரண்டு நிமிஷம்

அப்புறம் யாரோ திரைச்சீலையை ஒதுக்கினது போல மூடுபனி விலகியது. முதலில் பலகைத் துறை, பிறகு ஒரு துண்டுத் தண்ணீர், பிறகு மொத்த ஏரியும். சிவப்புப் படகு இல்லை, அந்த இடத்தில் நீலப் படகு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகை முனையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. காலண்டருக்குள்ளே உட்கார்ந்திருக்கிறேனா, காலண்டரைப் பார்த்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கண்ணில் நீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

பக்கத்தில் கோமதியக்கா வந்து நின்றார். அதற்கு மேல் அடக்க முடியாமல், இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான்க்கா வைத்தேன், உங்கள் பனியை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பர்ஸைத் திறந்தார். படத்துக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைப் பூ வாடிக் கிடந்தது.

"நாலு பூ பறிச்சேன், ரெண்டு வெள்ளையும் எங்கைக்கே திரும்பி வந்துட்டு. எனக்கு எண்ணத் தெரியாதா தம்பி? டிக்கெட் எடுக்க வந்த அன்னைக்கே பாத்தேன், எங்கிட்ட பேசிக்கிட்டே நீங்க சுவரத்தான் பாத்திய. பனி அங்கனயேதான் கெடக்கும். எங்க ஊர் மலை மாரித்தான், இந்த ஏரி பொறவு மூடிரும், நீங்க நல்லா பாத்துக்கிடுங்க."

அவர் சொன்னபடியே பன்னிரண்டாவது நிமிஷம் மூடிவிட்டது. மறுநாள் காலை எங்களுக்கு ஊர் திரும்ப விமானம்.

காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். மிச்ச ஒரு நாளைக்கு எங்கே போகலாம் என்று இப்போது யார் வந்து கேட்டாலும் பனிமலைக்குப் போங்கள் என்றே சொல்கிறேன், அதையும் நான் பார்த்ததில்லை என்பதைச் சேர்த்தே சொல்கிறேன்.