இரவல் சங்கிலியும் இலவசக் கட்டிலும்

அறுபதுகளின் தொடக்கம் அது. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. எந்தெந்த ஊரிலிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து, உடம்புக்கு நல்லது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றார்கள். அதே சாரல் காற்றில், தென்காசியில் ஓர் ஒற்றை அறை வீட்டில், என் கணவர் மூச்சு விட முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் இருமல், எழுந்தால் நெஞ்சுக் குத்தல்.

அவர் மதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடிவிட்டார்கள். வாடகை குறைவு என்று தென்காசிக்கு வந்தோம். இங்கே கிடைத்த நாளில் கூலி வேலை, கிடைக்காத நாளில் கஞ்சி. ஆலையில் இருந்தவரை சம்பளத்தில் வைத்தியத்துக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினால் டாக்டர் பார்ப்பார், மருந்து தருவார்கள். அப்போதெல்லாம் இவருக்குத் தலைவலிகூட வந்ததில்லை. வேலை போகட்டும் என்று காத்திருந்த மாதிரி பிறகுதான் வியாதி வந்தது. ஆனாலும் அந்த அட்டையை அவர் சட்டைப் பையிலேயே பத்திரமாக வைத்திருந்தார்.

உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வைத்து எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் தங்கமாட்டார் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வட்டாரத்தில் ஒரு தரும ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். ஏழைகளுக்கு இலவசக் கட்டில், வசதி உள்ளவர்களுக்குக் கட்டணம். யார் எந்தப் பக்கம் என்பதை வாசலில் ஒருவர் விசாரித்து முடிவு செய்வார்.

போகுமுன் கிராம முன்சீப்பிடம் ஏழை என்று ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கொள் என்று சிலர் சொன்னார்கள். போனேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க இந்த ஊரே இல்லயம்மா. வேல இல்லன்னு வேணா எழுதலாம், ஏழைன்னு நான் எப்படி எழுத?" என்றார். வேலை இல்லாதவனும் ஏழையும் வேறு வேறு ஆட்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெறும் கையோடு திரும்பினேன்.

மறுநாள் காலை கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்தார். முஸ்லிம் குடும்பம். அவர் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். இங்கே இவர் தறி நெய்துகொண்டிருந்தார். என் கழுத்தைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. என் சங்கிலி எப்போதோ அடகுக் கடைக்குப் போய்விட்டது. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தேன்.

"ஏட்டி, இப்படியா போப்போற? அங்கன இருக்கவன் மொகத்தப் பாக்க மாட்டான், கழுத்தத்தான் பாப்பான். நாலு பேரு மதிக்காண்டாமா?" என்று சொல்லித் தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார். நல்ல சேலை ஒன்றையும் கொடுத்துக் கட்டச் சொன்னார். நான் வேண்டாம் என்று ஒப்புக்குத்தான் சொன்னேன். நோயாளிப் புருஷனோடு ஆஸ்பத்திரி வாசலில் மூளிக் கழுத்தாக நிற்க எனக்கும் மனசு வரவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் படியேறுமுன் கழுத்தைத் தடவிப் பார்க்கிற வழக்கம் உண்டு.

அக்கா சொன்னது பலித்தது. பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனதும், வாசலில் இருந்தவர் எழுந்து நாற்காலி போட்டார். "உக்காருங்கம்மா" என்றார். இவருக்குக் குடிக்க வெந்நீர் வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எதிரே தரையில் கூட்டமாகக் குந்தியிருந்தவர்களைப் பார்த்து, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நான் உட்கார்ந்திருந்தது கட்டணப் பக்கம் என்பது, முன்பணம் கட்டுங்கள் என்று சொன்ன பிறகுதான் புரிந்தது.

எங்களுக்கு வழியில்லை, இவருக்கு வேலை போய்விட்டது என்றேன். இவர் உடனே பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். அட்டை இருந்தால் ஆலையில் போய்க் கேட்க வேண்டியதுதானே என்றார் அவர். ஆலையை மூடிவிட்டார்கள் என்றோம். அப்படியானால் அட்டை எதற்கு என்றார். அது எங்களுக்கும் தெரியவில்லை.

பிறகு அவர் என்னைப் பார்த்து, "கழுத்துல கெடக்கது பித்தளையாம்மா?" என்றார். இது என்னுடையது இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அப்படியானால் யாருடையது என்று அவர் குரல் மாறியது. தரையில் இருந்த கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எழுந்து நடக்கக்கூட முடியாத மனிதரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் என் புத்தியைக் கேட்டேன். பழைய சேலை, மஞ்சள் கயிறு, வெறுங்கழுத்து. இவரையும் கூட்டிக்கொண்டு நேராகப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அதே மனிதர்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "நேத்து சங்கிலி, இன்னைக்கு மஞ்சக் கயிறா?" என்றார். கட்டில் கிடைக்கும் என்று நகையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறாராம். உண்மையான ஏழைக்குக் கட்டில் இல்லாமல் போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். போட்டுக்கொண்டு போனால் பணக்காரி, போடாமல் போனால் பொய்க்காரி. நாளைக்கு எப்படிப் போவது? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. அன்று திரும்பும்போது பஸ்ஸில் இவர் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். விடிந்ததும் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவரே எங்களோடு ஏறிவிட்டார். சங்கிலி அவர் கழுத்தில் இருந்தது. தெருவை விட்டு வெளியே அதிகம் போகாதவர் அவர்.

வாசலில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார். அக்கா முன்னால் போய் நின்றார். "இது என் சங்கிலி. நாந்தான் போட்டு அனுப்புனேன். அவமேல குத்தமில்ல" என்றார். நீங்கள் சொன்னால் நம்பிவிடுவதா, நீங்கள் யார் என்று அவர் கேட்டார்.

அக்கா துப்பட்டிக்குள் கையை விட்டுச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப இத வச்சுக்கிடுங்க. மொதல்ல அந்த மனுசன உள்ள கொண்டு போங்க. பொறவு எங்க தெருவுல வந்து விசாரிங்க. அவ ஏழைன்னா சங்கிலியத் திருப்பித் தாங்க. பணக்காரின்னா ஆஸ்பத்திரிக்கே இருக்கட்டும்" என்றார்.

அந்த மனிதர் சங்கிலியையும் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு நாளாக நான் குழம்பியதுபோல இப்போது அவர் குழம்பினார். கடைசியில், "எடுத்துக் கழுத்துல போடுங்கம்மா" என்று சங்கிலியை அக்கா பக்கம் நகர்த்திவிட்டு, உள்ளே பார்த்து இலவசக் கட்டிலுக்கு ஆள் என்று சத்தம் கொடுத்தார். என்னிடம் திரும்பி, இனிமேல் எதையும் போட்டுக்கொண்டும் வர வேண்டாம், எதையும் கழற்றிவிட்டும் வர வேண்டாம் என்றார். அதை எப்படிச் செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

அன்றே நீரை எடுத்தார்கள். சாயங்காலம் இவர் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி, சட்டைப் பையில் அட்டை பத்திரமாக இருக்கிறதா என்பது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உடம்பு தேறி, பிறகு ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, நெடுங்காலம் நன்றாகவே இருந்தார்.

இவர் வீடு திரும்பியபின் ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார். "நெசமாவே எடுத்து வச்சுக்கிட்டா கொழும்புலருந்து வாரவருக்கு என்ன பதில் சொல்லன்னு உள்ளுக்குள்ள நடுங்கிட்டேன்டி. நெய்யுதவளுக்கு வேற என்ன இருக்கு?" அந்தச் சங்கிலியைத் தவிர அவரிடமும் ஒன்றும் இல்லை என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

இன்றும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் கழுத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றுவிடுகிறேன். எங்களிடம் ஒன்றுமில்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியும் நம்பாதவர்கள், எனக்காக ஒருத்தி தன்னிடம் இருந்த ஒன்றையும் கழற்றி வைத்ததும் ஏன் நம்பினார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அது புரியாவிட்டாலும், என் மஞ்சள் கயிறு அத்தனை வருஷம் கழுத்தில் இருந்தது அந்தச் சங்கிலியால்தான் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.