"எனக்கு வராது!"

போன வாரம் என் பக்கத்து வீட்டு சபாபதி, நட்டநடு வெயிலில் ஒரு கம்பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அழ வேண்டிய நேரம் அது. அவருக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சபாபதி ஒரு ஹெட் கிளார்க். எலெக்ட்ரிக் ட்ரெயின் நாலு நிமிஷம் லேட் என்றால் தாம்பரம் பிளாட்பாரமே அதிரும்படி கத்துவார். பிளட் பிரஷர் வேறு. டாக்டர் பயமுறுத்தியதும், கல்யாண மண்டபத்தில் நடந்த 'மனோபல முகாமு'க்கு நான்தான் அவரை இழுத்துப் போனேன்.

சஃபாரி சூட் போட்ட பயிற்சியாளர் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. டென்ஷன் என்ற வார்த்தை காதில் விழுந்தால் மூச்சை இழுத்து, புன்னகைத்து, "எனக்கு வராது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்! சபாபதி அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் புன்னகை... அவர் மனைவி கமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு படப்பை பக்கம் மனை பார்க்கப் போனோம். இருபது வருஷச் சேமிப்பு. சொந்த வீடு என்ற ஒரே ஆசை. புரோக்கர் டீ வாங்கப் போன சமயம், அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்தார்.

"இன்னா சார், இந்த மனையா? வாணாம் சார். ஹை டென்ஷன் வரப்போவுது!"

சபாபதி கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "எனக்கு வராதுப்பா."

"அட, வரும் சார்! அளந்துகினு போயிட்டாங்க!"

"நானும் நேத்துதான் அளந்தேன். நார்மல்!"

"பேஜார்பா..." என்று மாட்டை ஓட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். நான் என்ன செய்தேன்? சபாபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்! அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறியது.

போன வாரம் கமலாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் — மனைக்கு இரண்டு பக்கமும் ராட்சசக் கம்பங்கள். "ஹை டென்ஷன் லைன் சார். கீழே வீடு கட்ட பர்மிஷன் கிடையாது" என்றார் கம்பி இழுக்க வந்த சூப்பர்வைசர். சபாபதி மூச்சை இழுத்தார். சிரித்தார். கண்ணில் மட்டும் தண்ணீர்.

"தள்ளுங்க" என்றார் கமலா. நேரே புரோக்கர் வீட்டு வாசல்.

"தெரிஞ்சேதானே தலையில கட்டினீங்க? பதில் சொல்லுங்க! வேற மனை எழுதிக் கொடுக்காம இங்கேர்ந்து ஒரு அடி நகர மாட்டேன்!"

அந்தக் குரல் வண்டலூர் சிங்கத்துக்கே கேட்டிருக்கும். தெருவே கூடிவிட்டது. அரை மணி நேரத்தில், லே-அவுட்டின் மறுகோடியில் வேறு மனை தருவதாகப் புரோக்கர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மனோபலம் என்றால் எதற்கும் அசையாமல் பல்லைக் காட்டுவதா என்ன? கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுவதும் அதில் சேர்த்திதானே? சஃபாரி சூட் இதைச் சொல்லவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "இந்தத் தைரியமெல்லாம் எந்த கேம்ப்லம்மா கத்துக்கிட்டீங்க?"

"கேம்ப்பா? தண்ணி லாரி வரும்போது ஒரு நாளாவது நீங்க குடத்தைத் தூக்கிட்டு வந்து பாருங்க சார்!"