மொட்டைக்குப் பிறகுதான் உள்ளே

எங்கள் கட்டடத்தில் அவளுக்குச் சீப்பு என்றுதான் பெயர். வயது பத்தொன்பது. முன்பு தெருமுனை பார்லரில் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கை ஒரு பக்கம் வேலை செய்யும், வாய் ஓயாது. செத்தவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, எங்களுக்கு மொட்டை போடுவது அவள் வேலை.

அவர்கள் கடித்தால் நாமும் அவர்களைப் போல ஆகிவிடுவோம். உடம்பில் கடிபட்டால் பார்த்துவிடலாம், முடிக்குள் பட்டால் தெரியாது. அதனால் வெளியே போய்வருகிற யாராக இருந்தாலும் மொட்டைக்குப் பிறகுதான் உள்ளே. காயம் இருந்தால் மறுபடி வெளியே. சட்டம் போட்டவர் வாட்ச்மேன். அவர் தலையில் வழிக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் சட்டத்துக்காக வந்து உட்காருவார்.

இன்று மதியம் அவரோடு தண்ணீர் எடுக்கச் சீப்பின் தங்கையும் போனாள். அவளுக்கு அதுதான் முதல் தடவை. தலைதெறிக்க ஓடிவந்தார்கள். நான் கிண்ணம் பிடிக்க, சீப்பு தங்கைக்கு வழித்தாள். பின்மண்டைக்கு வந்ததும் கை நின்றது. நானும் பார்த்தேன். நாலு பல் பதிந்திருந்தது.

சீப்பு அதன் மேலேயே கத்தியை இழுத்தாள். ரத்தம் தடத்தை மூடியது.

"என்ன அது?" என்றார் வாட்ச்மேன்.

"கை வழுக்கிடுச்சுண்ணே."

"காயம் காயம்தான். வெளிய அனுப்பு."

"சரிண்ணே. முதல்ல நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். அவர் மண்டையிலும் ஒரு கோடு இழுத்தாள்.

"இப்ப உங்களுக்கும் காயம்ண்ணே. ரெண்டு பேரும் சேர்ந்தே போறீங்களா?"

மண்டையைத் தடவி விரலில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்தவர், தலையைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். பல் தடத்தைப் பார்த்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் என் மீதே எனக்குக் கோபம் வருகிறது.

சீப்பு தங்கையைக் கூட்டிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"வெளிய பூட்டிக்க. சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும். நான் உன்னக் கூப்பிட்டா மட்டும் திற."

"நீ எதுக்குக்கா உள்ள போற?"

"அவளுக்குத் தனியா இருந்தா பயம்டி."

பூட்டிவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன். உள்ளே சீப்பு பார்லர் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை முதலில் சிரித்தாள். பிறகு சீப்பின் குரல் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

இப்போது கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு பேரும்தான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.