பாதிச் சாப்பாட்டில் வந்த போன்

அந்தச் சின்ன விமான நிலையத்தில் நாளுக்கு இரண்டே விமானங்கள். காத்திருக்கும் கூடத்தின் மூலையில் ஐந்து மேசையும் ஒரு டீ பாய்லருமாக ஒரு கேன்டீன். பதினேழு வருஷமாக அதை நடத்தியவளை, மேனேஜர் முதல் பெட்டி தூக்குகிறவர் வரை எல்லோரும் கேன்டீன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கணவரும் கொழுந்தனும் தொலைவிலிருந்த பெருநகரத்தில், உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கியபடி பெயின்ட் அடிப்பவர்கள். "எல்லாரையும் ஏத்தி விடற, நீ எப்ப ஏறப் போற?" என்று கணவர் சீண்டுவார். "நீங்க தொங்கறது போதாதா? நானும் மேல போகணுமா?" என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் கயிறு அறுந்து அவர் விழுந்துவிட்டார். ஆபரேஷன் நடக்கிறது, காலை விமானத்திலேயே வந்துவிடுங்கள் என்று கொழுந்தன் போனில் அழுதான்.

காலையில் சோதனைக் காவலர் அவள் பையிலிருந்து வெங்காயம் நறுக்கும் கத்தியை வெளியே எடுத்தார். பழக்க தோஷத்தில் எடுத்து வைத்திருந்தாள். "அக்கா, உங்களையே நான் பிடிக்கணுமா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பனிமூட்டத்தால் விமானம் தாமதம். கேன்டீனில் உதவிக்கு இருக்கிறவள் முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"நேத்துலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. சாப்பிடுங்கக்கா."

"ரொட்டி கருகிடுச்சேடி. அடுப்பக் குறைன்னு எத்தன தடவ சொல்றது?"

"திட்டறீங்கல்ல? அப்ப தெம்பு இருக்கு."

பாதி சாப்பிட்டிருப்பாள், போன் அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

ஒருநாளும் அப்படிக் கேட்காதவன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆச்சு. சொல்லு தம்பி."

"இல்ல, முழுசா சாப்பிட்டுட்டு..."

"சொல்லுடா!"

"அண்ணன் போயிட்டாரு, அண்ணி. ஆறு மணிக்கு."

அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஓடிவந்த உதவிக்காரியிடம், "யார்கிட்டயும் மூச்சு விடாத. சேதி தெரிஞ்சா என்னை ஏத்தாம உக்கார வெச்சுடுவாங்க" என்றாள். பிறகு தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அங்கே போனால் போலீஸ், பிணவறை, கையெழுத்து. ஒரு வாய் சோறு யார் தரப்போகிறார்கள்? தெம்பில்லாமல் எப்படி நிற்பது? புருஷன் செத்த சேதி கேட்டபின்னும் தின்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. தண்ணீரைக் குடித்துக் குடித்து முழுதையும் விழுங்கினாள்.

உதவிக்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். யாரோ ஒரு பயணி பொறுமையிழந்து டீ கேட்டார். அக்காவே எழுந்துபோய் ஊற்றிக் கொடுத்தாள். "சர்க்கரை தூக்கலா இருக்கே" என்றார் அவர். வேறொன்று ஊற்றிக் கொடுத்துவிட்டு விமானத்துக்கு நடந்தாள்.

பிணவறை வாசலில் கொழுந்தன் நின்றிருந்தான். கணவர் முகத்தைப் பார்த்தபோதுதான் அவள் உடைந்தாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அவன் மறுபடி கயிற்று வேலைக்குக் கிளம்பினான். அவள் கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னைத் தாண்டிப் போடா, பாக்கலாம்."

"வேற வேல தெரியாதே, அண்ணி."

"கத்துக்கலாம். உசுரு இருந்தா."

இருவரும் ஒன்றாக ஊர் திரும்பினார்கள். இப்போது அவன் அதே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறான். காலையில் கேன்டீனில்தான் சாப்பாடு. அந்த போனைப் பற்றி இன்றுவரை இருவரும் வாய் திறந்ததில்லை. அவன் சாப்பிட்டு எழும்வரை அவள் தன் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்தே வைத்திருப்பாள்.